நண்பர்களோடு தீவுச் சுற்றுலா: கையைக் கடிக்கும் தவறுகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்களைச் சுற்றி வளர்ந்த ஊர்களில், தீவுக்குப் போகும் திட்டம் பெரும்பாலும் ஒட்டுக்கடையில் தே தாரேக் குடிக்கும்போதுதான் பிறக்கும். ஒருவன் பேச்சைத் தொடங்குவான், அன்றைக்கு ராத்திரியே வாட்ஸ்அப் குழு தயாராகிவிடும். அப்புறம் எல்லார் கண்ணும் சாலேட் (தீவில் தங்கும் குடில்) வாடகையில். ஒரு இரவுக்கு இருபது வெள்ளி (ரிங்கிட்) குறைவாகக் கிடைத்துவிட்டால் பெரிய சாமர்த்தியம் செய்த திருப்தி. ஆனால் கடைசியில் கணக்குப் பார்த்தால் காசு கரைந்தது வேறெங்கோ இருக்கும். எந்த மாதத்தில் எந்தக் கடலுக்குப் போனோம் என்பதிலும், வருகிறேன் என்றவர்களில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதிலும்தான் அது பெரும்பாலும் போயிருக்கும்.

லீவு கிடைத்த நாளில் கடல் கிடைக்காது

நமக்கு நீண்ட விடுமுறை கிடைப்பது எப்போது? தீபாவளி, ஆண்டு இறுதி, தைப்பூசம், அதை ஒட்டி வரும் சீனப் புத்தாண்டு. ஊரில் எல்லாரும் ஒன்று சேர்வதும் அப்போதுதான். சிங்கப்பூரில் வேலை செய்பவனும் பினாங்கு தொழிற்சாலையில் இருப்பவனும் வீட்டுக்கு வந்திருப்பார்கள். ஆனால் நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையைப் போட்டுப் புரட்டும் காலம். பெர்ஹெந்தியான், ரெடாங், லங் தெங்கா, தியோமான் எல்லாம் அந்தப் பக்கம்தான். சாலேட்காரர்களில் பலர் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள், படகுப் போக்குவரத்தும் சுருங்கிவிடும். 2026 தீபாவளி நவம்பர் 8. அந்த வாரத்துக்கு ரெடாங் என்று யாராவது குழுவில் எழுதினால் அப்போதே தடுத்துவிடுங்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. மழைக்காலத்தில் திறந்திருக்கும் ஒன்றிரண்டு இடங்கள் வாடகையைப் பாதியாகக் குறைத்துப் போட்டிருக்கும். மலிவு என்று ஆசைப்பட்டுப் பணம் கட்டிவிட்டுப் போனால், அலை பெரிதாக இருக்கிறது என்று படகு எடுக்க மாட்டார்கள். கரையிலேயே ஹோட்டல் தேடி இரண்டு ராத்திரி தங்கும் செலவில், மேற்குக் கரையில் ஒரு முழுச் சுற்றுலாவையே முடித்திருக்கலாம்.

ஆகவே தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் போவதாக இருந்தால் பங்கோர் அல்லது லங்காவி. வடகிழக்குக் காற்றைத் தீபகற்பமே குறுக்கே நின்று தடுத்துவிடுவதால் அந்த மாதங்களிலும் மேற்குக் கடலில் படகு ஓடும். மழை வரலாம், அது வேறு. கிழக்குக் கரைக்கு ஏப்ரலுக்குப் பிறகு வரும் விடுமுறைகளைப் பாருங்கள்: தொழிலாளர் தினம், ஜூனில் பேரரசர் பிறந்தநாள், தேசிய தினம், மலேசிய தினம்.

மலேசிய தினத்தைத் தேர்ந்தெடுக்கும் செட்டு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அது செப்டம்பர் 16. அதன் மறுநாள் வாக்கில் புரட்டாசி பிறந்துவிடும். தீவுப் பேக்கேஜ் என்றாலே ராத்திரி மீனும் கோழியும் சுட்டுப்போடும் பார்பிக்யூ. எட்டுப் பேரில் மூன்று பேர் விரதம் என்றால் அவர்கள் தட்டில் வெறும் சோறும் வெள்ளரிக்காயும்தான் இருக்கும், காசு மட்டும் முழுசாகப் போயிருக்கும். அறை மட்டும் எடுத்துவிட்டு, சாப்பாட்டைக் கம்போங் கடைகளில் பார்த்துக்கொண்டால் இந்த வம்பு இல்லை. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கெடா, கிளந்தான், திரங்கானு மூன்று மாநிலங்களிலும் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பேராக் கணக்கில் சனி, ஞாயிறு என்று போகிறவர்களுக்கு இது தெரியாமல் போய்விடுகிறது. வெள்ளிக்கிழமை அங்கே உள்ளூர்க் கூட்டம் கடற்கரைக்கு வரும். மதியத் தொழுகை நேரத்தில் பல இடங்களில் கடையும் கவுண்டரும் மூடியிருக்கும். ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டி, வெள்ளி பகல் ஒரு மணிக்கு ஜெட்டியில் போய் நிற்பதில் பிரயோஜனம் இல்லை. ஞாயிறு அங்கே வேலை நாள் என்பதால், ஞாயிறும் திங்களும் லீவு எடுக்க முடிந்தவர்களுக்கு அறை எளிதாகக் கிடைக்கும்.

வரைபடத்தில் பக்கம், கடலில் தூரம்

தீவுக்குத் தீவு தாவலாம் என்று நினைத்துப் போடும் திட்டங்களில் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். பெர்ஹெந்தியானும் லங் தெங்காவும் ரெடாங்கும் வரைபடத்தில் ஒட்டி ஒட்டி இருக்கும். இரண்டு நாள் இங்கே, ஒரு நாள் அங்கே என்று எழுதத் தோன்றும். ஆனால் அவற்றுக்கு இடையே பஸ் மாதிரி ஓடும் படகு கிடையாது. கரைக்குத் திரும்பி, வேறு ஜெட்டிக்குப் போய், மறுபடியும் டிக்கெட் எடுக்க வேண்டும். இல்லையென்றால் தனிப் படகு பேச வேண்டும், அந்த விலை நம் பட்ஜெட்டுக்கு ஒத்துவராது.

ஜெட்டி விஷயத்தில் இன்னொரு வேடிக்கை. பெர்ஹெந்தியானுக்கு ஏறுவது கோல பெசுட்டில். ரெடாங்குக்கும் லங் தெங்காவுக்கும் மெராங். காப்பாஸ் தீவுக்கு மாராங். மெராங் கோலதிரங்கானுவுக்கு வடக்கே, மாராங் தெற்கே. கைப்பேசியில் ஒரு எழுத்து மாறினால் நகரத்தைக் கடந்து எதிர்த்திசைக்குப் போய்விடுவீர்கள், பணம் கட்டிய படகு அங்கே கிளம்பிப் போயிருக்கும். கார் இரண்டாகப் பிரிந்து வந்தால், இரண்டு ஓட்டுநர்களுக்கும் ஒரே இடக்குறியை அனுப்பி வையுங்கள்.

தியோமானுக்கு மெர்சிங்கில் ஏறுகிறவர்களுக்கு வேறு கணக்கு. அங்கே ஆற்று முகத்துவாரம் ஆழம் குறைவு. நீர் வற்றும் நேரத்தில் பெரிய படகு வெளியே போக முடியாது, அதனால் புறப்படும் நேரம் நாளுக்கு நாள் மாறும். ஏற்றவற்றம் தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப் போவதால், போன மாதம் போய் வந்தவன் சொன்ன நேரத்தை நம்பிப் போகக்கூடாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் ஏறுவதும் அதிகம், வற்றுவதும் அதிகம். அந்த நாளுக்கான அட்டவணையைப் படகுக்காரரிடம் கேட்டு வாங்கிவிட்டு, அதற்குப் பிறகு பஸ் டிக்கெட் எடுப்பதுதான் முறை.

குறைந்த காசில் நாலைந்து தீவு பார்க்க வேண்டுமென்றால் ஒரு தீவில் தங்கிக்கொண்டு, பகலில் படகு பேசிச் சுற்றுவதே நல்லது. அதற்கு லங்காவி பொருத்தம். 99 தீவுகள் கொண்ட கூட்டம் அது. எல்லாரும் எடுக்கும் அரை நாள் சுற்றில் டாயாங் புந்திங் ஏரி, சிங்கா பெசார் பக்கம் பருந்துகள், பெராஸ் பாசா மணல்கரை என்று மூன்று இடம் காட்டுவார்கள். பத்துப் பேர் இருந்தால், தலைக்கு இவ்வளவு என்ற விலையோடு முழுப் படகுக்கு எவ்வளவு என்றும் கேளுங்கள். பல நேரம் வித்தியாசம் சொற்பமாகத்தான் இருக்கும். தனிப் படகில் யாரும் உங்களை அவசரப்படுத்த மாட்டார்கள். டாயாங் புந்திங்கில் இறங்கும்போது பிளாஸ்டிக் பை எதையும் கையில் தொங்கவிடாதீர்கள். குரங்கு வந்து பிடுங்கினால் பிஸ்கட்டோடு சாவியும் போகும்.

லங்காவிக்கு நாம் கார் எடுத்துப் போக வேண்டியதே இல்லை. ஈப்போவிலோ கோலகங்சாரிலோ ஈடிஎஸ் என்ற விரைவு மின்சார ரயில் ஏறி ஆராவில் இறங்கினால் கோலப் பெர்லிஸ் ஜெட்டி பக்கம்தான். டோல், பெட்ரோல், ஜெட்டியில் மூன்று நாள் கார் நிறுத்தும் காசு எல்லாம் மிச்சம்.

பங்கோரைச் சொன்னால் பையன்கள் முகம் சுளிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போன இடம்தானே என்று! நானாக இருந்தால் கை இறுக்கமான செட்டுக்கு அதையே முதலில் சொல்வேன். லுமுட்டிலிருந்து சின்னக் கடல் பயணம்தான். தெலுக் நிப்பாவில் சின்னப் படகு பேசினால் கியாம் தீவுப் பக்கம் ஸ்நோர்க்கலிங் போட்டுவிட்டு ஒரு சுற்று வரலாம். பங்கோர் லாவுட் தனியார் ரிசார்ட் தீவு, அதைத் தூரத்தில் இருந்து பார்ப்பதோடு சரி. ஒரே ஒரு எச்சரிக்கை, மாசிமகம். கடற்கரை பத்திரகாளியம்மன் கோயில் திருவிழாவுக்குத் தீவே நிரம்பிவிடும். சாமி கும்பிடத்தான் போகிறோம் என்றால் அருமையான நாள், மலிவாக அறை தேடுகிறவர்களுக்கு அல்ல.

"வரேன்" என்பது காசு இல்லை

படகு 400 வெள்ளி என்று வையுங்கள். பத்துப் பேர் என்றால் ஆளுக்கு 40. கிளம்பும் வாரத்தில் மூன்று பேர் கழன்றுகொண்டால் ஆளுக்கு 57க்கு மேல். நால்வர் அறை மூவர் அறையாகும், வாடகை வேன் பாதி காலியாக ஓடும். வந்தவர்கள் வராதவர்களுக்கும் சேர்த்துக் கட்டிவிட்டு, தீவில் உட்கார்ந்து அவர்களைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். இந்தச் சண்டை பல வருஷ நட்பையே கெடுத்துவிடும்.

பெரும்பாலும் நடப்பது இதுதான்: நல்ல வேலையில் இருக்கும் ஒருவன் தன் கிரெடிட் கார்டில் எல்லாவற்றையும் போட்டுவிடுவான். "சம்பளம் வந்ததும் தர்றேன் மச்சான்" என்ற வாக்குறுதி பத்துப் பேரிடமிருந்து வரும். திரும்பி வந்து மூன்று மாதம் கழித்தும் அவன் வசூல் செய்துகொண்டே இருப்பான். கேட்டால் கஞ்சன் என்ற பெயர் வேறு.

நம் அம்மாக்கள் தோட்டத்தில் கூட்டு (சீட்டு) பிடித்த ஒழுங்கை இதில் கடைப்பிடித்தால் போதும். மாதா மாதம் சம்பள நாளன்று ஆளுக்கு ஐம்பது வெள்ளி. வாங்குபவர் ஒருவர், கணக்கு எழுதுபவர் வேறொருவர். ஆறு மாதத்தில் 300 சேர்ந்துவிடும், யாருக்கும் பாரம் தெரியாது. இரண்டு மாதம் கட்டாதவன் வரப்போவதில்லை என்று டிக்கெட் எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும், அதுதான் பெரிய லாபம். முன்பணம் கட்டிய பிறகு விலகினால் அது திரும்பாது, அல்லது தன் இடத்துக்கு அவனே ஒரு ஆள் பிடித்துத் தர வேண்டும் என்பதை முதல் நாளே குழுவில் எழுதி எல்லாரிடமும் சரி வாங்கிவிடுங்கள். பிறகு சொன்னால் மனஸ்தாபம்.

பீர் காசைப் பொதுப் பணத்தில் சேர்க்காதீர்கள். குடிக்காதவன் முதல் நாள் பேசாமல் இருப்பான், இரண்டாம் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், அதில் அவன் தப்பு ஒன்றும் இல்லை. வரியில்லாத் தீவு, மலிவாக வாங்கி ஊருக்குக் கொண்டு வரலாம் என்ற கனவிலும் கணக்கு உதைக்கும். லங்காவியில் குறைந்தது 48 மணி நேரம் தங்கினால்தான் அந்தச் சலுகையோடு பொருளை வெளியே கொண்டு வர முடியும். பங்கோர் 2020 ஜனவரியிலிருந்து வரியில்லாத் தீவுதான். மதுவுக்கும் சிகரெட்டுக்கும் அங்கே அந்தச் சலுகை கிடையாது.

ராத்திரி ஓட்டம்

ஒரு இரவு வாடகையை மிச்சம் பிடிக்க ராத்திரியே கிளம்புவது நம் பக்கத்தில் வழக்கம். கோல பெசுட்டுக்கு நாம் போகும் வழி கிரிக், ஜெலி. 1982-இல் திறந்த அந்தக் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை பெலும் தெமெங்கோர் காட்டை ஊடுருவிப் போகிறது. பனி இறங்கும், பல இடங்களில் கைப்பேசி இணைப்பு இருக்காது, யானைகள் சாலையைக் கடக்கும். 2025 மே மாதம் அங்கே லாரி மோதி ஒரு யானைக்குட்டி இறந்தது. தாய் யானை அந்த லாரியைத் தலையால் முட்டியபடி மணிக்கணக்கில் அங்கேயே நின்றது. பெரிய லாரிக்கே அந்தக் கதி என்றால், ஆறு பேரும் பைகளுமாக அடைத்த சின்னக் கார் எம்மாத்திரம்? விடியற்காலை சுங்கை சிப்புட்டில் கிளம்பி, கிரிக்கில் டாங்கியை நிரப்பி நாஸி லெமாக் சாப்பிட்டுவிட்டு, வெளிச்சத்தில் காட்டைத் தாண்டுங்கள். மதியம் தாண்டிய படகைப் பிடிக்கலாம்.

பைக்குள் என்ன

பெர்ஹெந்தியானில் ஏடிஎம் கிடையாது, ரொக்கத்தைக் கரையிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். கடல் பூங்காக் கட்டணம் ஜெட்டியில் தனியாக வாங்குவார்கள், அதைக் கணக்கில் சேர்க்க மறப்பவர்கள் அதிகம். எல்லாரும் ஐசி (அடையாள அட்டை) வைத்திருக்க வேண்டும். சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம். அங்கே போகும் படகு திறந்த ஸ்பீட்போட். தண்ணீர் முகத்தில் அடிக்கும், சில கரைகளில் முழங்கால் அளவு கடலில் இறங்கி நடக்க வேண்டும், பெட்டியைத் தலையில் சுமக்க வேண்டியதுதான். துணியைக் குப்பைப் பையில் கட்டி, அதை முதுகுப் பையில் போட்டுக்கொண்டால் நனையாது. சாலேட் எடுக்கும்போது எந்தக் கரை என்று பாருங்கள். பாதிப் பேர் ஒரு கரையிலும் பாதிப் பேர் இன்னொரு கரையிலும் தங்கினால், ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் படகு டாக்சிக் காசு.

தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கடல் பூங்காத் தீவுகளில் பெரும்பாலானவற்றைச் சுற்றி இரண்டு கடல் மைல் வரை மீன் பிடிக்கத் தடை. சுங்கை பிளஸ் கரையில் உட்கார்ந்து பிடித்த பழக்கத்தில் அங்கே வீசினால் அபராதம் கட்ட நேரும்.

ஆற்றில் குதித்து வளர்ந்தவர்களுக்குக் கடல் பயம் இருக்காது, அதுவே ஆபத்து. ஆற்றில் கரை கண்ணுக்கு முன்னால் இருக்கும். கடலில் முகமூடிக்குள் மீனைப் பார்த்துக்கொண்டே மிதந்துபோய், நிமிர்ந்து பார்க்கும்போது படகு எங்கோ சின்னதாகத் தெரியும். நீச்சல் தெரிந்தவனும் லைஃப் ஜாக்கெட்டோடுதான் இறங்க வேண்டும். ஆளுக்கு ஒன்று இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டு ஏறுங்கள். குறைந்தால் வேறு படகு.

திரும்பும் நாளில் கடைசிப் படகுக்கு டிக்கெட் எடுக்காதீர்கள், காலைப் படகே சரி. எப்படியும் பன்னிரண்டு மணிக்கு அறையைக் காலி செய்யத்தான் வேண்டும். காற்று கிளம்பிப் படகு நின்றாலும் அன்றைக்கே வேறொன்று கிடைக்க வாய்ப்பு இருக்கும், காட்டுச் சாலையையும் பகலில் தாண்டிவிடலாம். ஷிப்டு வேலைக்காரர்கள் லீவு எழுதும்போதே மறுநாளையும் சேர்த்து எழுதிவிடுங்கள். படகு நின்றுபோனதற்கு எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) தரும் டாக்டர் கிடையாது.