பள்ளி உளவியலுக்குப் புள்ளியியல்: எங்கே தவறுகிறோம்?

பள்ளி உளவியல் படிக்க வருகிறவர்களுக்குக் குழந்தைகள் மேல் பிரியம் இருக்கும், புள்ளியியல் மேல் பயம் இருக்கும். அதனால் சூத்திரங்களை மனப்பாடம் செய்து, எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளில் எதை அழுத்துவது என்று மட்டும் தெரிந்துகொண்டு தாளைத் தாண்டிவிடுகிறார்கள். குறை தெரிவது பின்னால்தான், ஒரு குழந்தையின் அறிக்கையோடு பெற்றோர் எதிரே உட்காரும்போது.

"உங்கள் பையன் 25ஆவது சதமானத்தில் இருக்கிறான்" என்றால், அம்மா காதில் "நூற்றுக்கு 25 மார்க்" என்றுதான் விழும். அவன் வயதுக் குழந்தைகள் நூறு பேரில் ஏறக்குறைய 25 பேர் அவனுக்குக் கீழே என்பதே பொருள். சராசரி 100, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு) 15 உள்ள சோதனையில் அது 90 புள்ளி, இயல்பான அளவுதான். சதமானத்தையும் சதவீதத்தையும் குழப்பிக்கொண்டால் தேவையில்லாத கவலையை ஒரு வீட்டுக்குள் அனுப்பிவிடுவோம்.

அதைவிடப் பெரிய தவறு, ஒற்றை எண்ணை அப்படியே நம்புவது. ஐக்யூ (நுண்ணறிவு ஈவு) 68 என்று வந்ததும் "70க்குக் கீழே, அறிவுசார் குறைபாடு" என்று முத்திரை குத்திவிடுகிறோம். அந்தச் சோதனையின் திட்ட விலக்கமும் 15, நம்பகத்தன்மை (மதிப்பெண் எவ்வளவு நிலையாக வரும் என்ற அளவு; 1 என்றால் பிழையே இல்லை) 0.91 என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவீட்டின் திட்டப் பிழை, அதாவது மதிப்பெண் வழக்கமாக முன்பின் ஆடும் அளவு, 4.5 புள்ளி; 95 சதவீத வரம்பு, அதாவது அவனுடைய உண்மையான மதிப்பெண் பெரும்பாலும் இருக்கக்கூடிய இடைவெளி, சுமார் 59 முதல் 77 வரை நீளும். அறிக்கையில் அந்த வரம்பையும் எழுத வேண்டும். அப்புறம், குழந்தை அன்றாட வேலைகளை எப்படிச் சமாளிக்கிறது என்று பார்க்காமல் அறிவுசார் குறைபாடு என்று சொல்லவே கூடாது.

ஆய்வேடுகளில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு வேறு. வாசிப்பில் கடைசியில் இருக்கும் 40 பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பார்கள். மூன்று மாதம் பயிற்சி. மறுபடி சோதித்தால் மதிப்பெண் ஏறியிருக்கும். பயிற்சி பலித்தது என்று முடிவு எழுதிவிடுவார்கள். ஆனால் முதல் சோதனையன்று காய்ச்சலோடு வந்தவன், தூக்கமில்லாமல் வந்தவள், ஊகித்த விடையெல்லாம் தப்பாகிப் போனவன் எல்லோரும் அந்த 40 பேருக்குள் சேர்ந்திருப்பார்கள். இன்னொரு நாள் சோதித்தால், பயிற்சியே இல்லாவிட்டாலும் குழுவின் சராசரி கொஞ்சம் ஏறும். பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை ஒப்பிட்டு 1886இல் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் எழுதியது இந்தச் 'சராசரியை நோக்கித் திரும்புதல்' பற்றித்தான். மூன்று மாதத்தில் பிள்ளைகள் வகுப்பிலும் கற்றிருப்பார்கள், அது தனிக் கணக்கு. இதற்கு வழி உண்டு: அந்த 40 பேரையே சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இப்போதும் மறு பாதிக்கு அடுத்த பருவத்திலும் பயிற்சி கொடுங்கள். எந்தக் குழந்தையும் விடுபடாது, ஒப்பிடவும் ஆள் கிடைக்கும்.

ஏ பிரிவுக்குப் பயிற்சி, பி பிரிவுக்கு இல்லை என்று பிரிப்பது இதற்கு ஈடாகாது. இரு பிரிவுகளுக்கும் ஆசிரியர் வேறு. வித்தியாசம் யாரால் வந்தது என்று சொல்ல முடியாது.

கற்றல் குறைபாட்டைக் கண்டறியும் முதற்கட்டச் சோதனைகளிலும் கணக்கு ஏமாற்றும். 1000 மாணவர்களில் 50 பேருக்குக் குறைபாடு இருக்கிறது, சோதனை இரு பக்கமும் 80 சதவீதம் சரி என்று கொள்வோம். 50இல் 40 பேரைப் பிடிக்கும். குறைபாடு இல்லாத 950இல் 190 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். சுட்டிய 230 பேரில் உண்மையில் குறைபாடு உள்ளவர்கள் 40 பேர்தான். இந்தக் கூட்டலை ஒரு முறை கையால் போட்டுப் பார்த்தவர், அந்தப் பட்டியலை வகுப்பில் வாசிக்க விடமாட்டார்.

பி மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவோ இதைவிடப் பெரிதாகவோ தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05க்குக் கீழே வந்தால் விளைவு பெரிது என்று நினைப்பதும் தவறு. மாதிரி பெரிதாக இருந்தால் அற்ப வித்தியாசத்துக்கும் அது வரும். வித்தியாசம் எத்தனை புள்ளி என்று எழுதுங்கள். வெளிநாட்டில் தரப்படுத்திய ஆங்கிலச் சோதனையை மொழிபெயர்த்துத் தமிழ்வழி மாணவனுக்குக் கொடுத்தீர்களா? சரி, அந்த ஊர்க் குழந்தைகளின் மதிப்பெண்ணை வைத்துப் போட்ட அட்டவணையைக் கொண்டு மட்டும் அவன் மதிப்பெண்ணைப் படிக்காதீர்கள்.