ராஜ்யசபா கணக்கை வீட்டிலேயே போட்டுப் பார்ப்பது எப்படி?

2022 கடைசியில் ஒருநாள் டி.வி.யில் அதிமுகவின் ராஜ்யசபா எம்.பி. தம்பிதுரையைக் காட்டினார்கள். "ஆட்சிதான் மாறிப்போச்சே, இவரு எப்படி இன்னும் டெல்லியில இருக்காரு?" என்றார் என் மாமியார். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். நீங்களும் போடலாம்.

கட்சியை அப்புறம் பாருங்கள், முதலில் தேதி. மக்களவையைக் கலைக்கலாம், மாநிலங்களவையை, அதாவது ராஜ்யசபாவை, கலைக்க முடியாது. ஒருவருக்கு 6 ஆண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்குப் பேர் ஓய்வு பெறுவார்கள். 1952-இல் எல்லாரும் ஒன்றாக வந்துவிட்டதால், யாருக்கு 2, யாருக்கு 4, யாருக்கு 6 ஆண்டு என்று சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்தார்கள்.

தமிழ்நாட்டுக்கு 18 இடம், ஆறு ஆறாக மூன்று குழு. அவற்றுக்கான தேர்தல்கள் 2020, 2022, 2025-இல் நடந்தன. இடைவெளி சரியாக இரண்டு ஆண்டு இல்லையே என்று குழம்ப வேண்டாம்; அந்த மூன்றில் ஒரு பங்கு மொத்த அவைக்குத்தான். உதாரணமாக, டெல்லிக்கான மூன்று ராஜ்யசபா எம்.பி.க்களும் ஒரே நேரத்தில் ஓய்வு பெறுகிறார்கள். தம்பிதுரை 2020 மார்ச்சில், அதிமுக ஆட்சியில் தேர்வானவர். ஆகவே அந்தப் பதவிக்காலம் 2026 ஏப்ரல் வரை.

இந்த எம்.பி.க்களை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர்கள் எம்எல்ஏக்கள். சரி, ஒரு இடத்துக்கு எத்தனை எம்எல்ஏ வேண்டும்? ஒரு எம்எல்ஏ ஓட்டுக்கு மதிப்பு 100. 234 பேரும் போட்டால் 23,400. ஆறு இடத்தோடு ஒன்றைக் கூட்டி 7-ஆல் வகுங்கள்: 3,342. மீதியை விட்டுவிட்டு ஒன்றைக் கூட்டினால் 3,343. அதாவது 34 எம்எல்ஏ. 2021-இல் வென்ற திமுக அணிக்கு 159 பேர், நான்கு இடம். அதிமுகவுக்கு 66, இரண்டு இடத்துக்கு 68 வேண்டும். கூட்டணியோடு சேர்த்து 75 என்பதால் தப்பித்தது. 2022-இல் அதேபடி 4-2, போட்டியே இல்லை. கணக்கு எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும், வேறு எவர் மனுப் போட்டுத் தோற்பார்?

பலர் வழுக்கி விழும் இடம் இடைத்தேர்தல். 2021-இல் கே.பி. முனுசாமியும் வைத்திலிங்கமும் எம்எல்ஏ ஆகி, எம்.பி. பதவியை விட்டார்கள். இரண்டு இடம் என்று 3-ஆல் வகுத்துவிடாதீர்கள். இடைத்தேர்தல் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி. பாதிக்கு மேல், 118 பேர் வேண்டும். அதனால் அதிமுக விட்ட இரண்டு இடமும் திமுகவுக்கே போயின. வருபவருக்குக் கிடைப்பதும் முன்னவர் விட்டுப்போன மீதிக் காலம்தான். முனுசாமியின் இடத்துக்கு வந்த கனிமொழி சோமுவுக்கு 2026 ஏப்ரல் வரை. வைத்திலிங்கத்தின் இடத்துக்கு வந்த ராஜேஷ்குமாருக்கு 2022 ஜூன் வரை, ஓராண்டுகூட இல்லை.

"பாவம், அந்தப் பிள்ளை" என்றார் மாமியார். பாவமெல்லாம் இல்லை, 2022-இல் அவரையே திரும்ப நிறுத்தினார்கள், இந்தமுறை முழு ஆறு ஆண்டு.