அடுத்து எதைப் படிப்பது? சென்னை வாசகருக்கு ஒரு வழிகாட்டி

‘எந்த மாதிரிப் புத்தகம் பிடிக்கும்?’ என்று கேட்டால் ‘சரித்திர நாவல்’, ‘க்ரைம்’ என்று ஏதாவது ஒரு வகையைச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அடுத்த புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. பொன்னியின் செல்வன் ஐந்து பாகங்களையும் மூச்சுவிடாமல் முடித்தவர், இன்னொரு சரித்திர நாவலை நாற்பதாம் பக்கத்தில் மூடிவைப்பது சகஜம். அவரை இழுத்துக்கொண்டு போனது சோழர் காலமா, அத்தியாயத்துக்கு அத்தியாயம் விழுந்த முடிச்சா? 1950-இல் கல்கி வார இதழில் தொடராகத் தொடங்கிய கதை அது. அடுத்த வாரமும் வாசகரை வரவழைக்க வேண்டிய கட்டாயம் அத்தியாய முடிவுகளில் நன்றாகவே தெரியும். அவருக்குப் பிடித்தது முடிச்சுதான் என்றால், போக வேண்டிய இடம் துப்பறியும் கதை. இன்னொரு சோழர் கதை அல்ல.

ஆகவே வகையை ஓரமாக வைத்துவிட்டு, பிடித்தது எது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம், கடைசிவரை படித்த எட்டுப் புத்தகங்கள். வலப்பக்கம், பாதியில் விட்ட நான்கு. பரீட்சைக்காகப் படித்தவை கணக்கில் வராது. முடித்த ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து சொற்களில் ஒன்றை மட்டும் எழுதுங்கள்: முடிச்சு, ஆட்கள், இடம், நடை, தகவல். இரண்டு எழுதத் தோன்றும், எழுதாதீர்கள். கௌரவத்துக்காகத் ‘தகவல்’ என்று போடுகிறவர்கள் நிறைய. அந்தப் புத்தகத்தைப் பற்றி நண்பரிடம் எந்த இடத்தைச் சொன்னீர்கள் என்று யோசித்தால் உண்மையான சொல் வந்துவிடும்.

விட்ட புத்தகங்களுக்கு எதிரே, நின்ற பக்க எண். 30-க்குள் நின்றிருந்தால் பெரும்பாலும் நடை ஒட்டவில்லை, அல்லது எழுத்து பொடியாக இருந்திருக்கும். 80-க்கும் 120-க்கும் நடுவில் என்றால் ஆட்கள் பெருகி, யார் யாருக்கு என்ன உறவு என்பது குழம்பியிருக்கும். மாமன் மச்சான் உறவுகளை ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்துக்கொண்டு மறுபடி தொடங்கலாம். கடைசிக் கால்பகுதியில் நின்றிருந்தால் அது புத்தகத்தின் குற்றமே அல்ல. வீட்டில் கல்யாணம் வந்திருக்கும், இல்லை ஆபீஸில் ஆடிட் வந்திருக்கும். எடுத்து முடித்துவிடுங்கள்.

அடுத்த புத்தகத்துக்கு ஒரே விதி: ஒன்றை மாற்றுங்கள், மற்றதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ‘இடம்’ என்று எழுதியவர், பழைய மதராஸில் நடக்கும் நாவலிலிருந்து மதராஸ் பற்றிய வரலாற்று நூலுக்குப் போகலாம். அங்கிருந்து வேறு ஊரின் பயணக்கட்டுரைக்கு. ‘ஆட்கள்’ என்றால் தன்வரலாறு, கடிதத் தொகுப்பு, நீண்ட நேர்காணல். ‘முடிச்சு’ என்றால் க்ரைமில் தொடங்கி உண்மையான நீதிமன்ற வழக்குகள், பிறகு ஒரு கல்வெட்டைக் கண்டுபிடித்துப் படித்த கதையைச் சொல்லும் தொல்லியல் நூல். அதுவும் துப்புத் துலக்கல்தான். ‘தகவல்’ வாசகருக்கு மக்கள் அறிவியல், அதன்பின் அறிவியல் புனைகதை. தமிழில் அறிவியல் புனைகதை எண்ணிக்கையில் குறைவு, மொழிபெயர்ப்புகளையும் சேர்த்துத் தேட வேண்டும். ‘நடை’ என்று எழுதியவர்கள் சிறுகதையிலும் கவிதையிலும் இறங்கிவிடலாம்.

தோற்பது எங்கே என்றால், ஒரே தாவலில் மூன்றை மாற்றும்போது. குடும்ப நாவல் மட்டுமே படித்தவர் அறுநூறு பக்க வங்காள மொழிபெயர்ப்பை எடுத்தால் நிலமும் புதிது, பெயர்களும் புதிது, நீளமும் புதிது. இருபது நாள் இழுத்துப் பார்த்துவிட்டு ‘மொழிபெயர்ப்பு எனக்கு ஒத்துவராது’ என்ற முடிவுக்கு வந்துவிடுவார். பெரிய எழுத்தாளரை அவருடைய ஆகத் தடிமனான நாவலில் தொடங்குவதும் இதே தவறு. சிறுகதைத் தொகுப்பு, அல்லது நூறு நூற்றிருபது பக்கக் குறுநாவல், அதன்பிறகே பெரியது.

வாங்குவதற்கு முன் சோதித்துப் பார்க்க இந்த ஊரில் வசதிக்குக் குறைவில்லை. 2010-இல் திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் தமிழ் நூல்களுக்கென்றே ஒரு தளம் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை காலை போய், புதிய வகை ஒன்றில் ஐந்து புத்தகங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் பத்துப் பக்கம் படியுங்கள்: முதல் நான்கு, நடுவில் மூன்று, விருப்பப்பட்ட இடத்தில் மூன்று. முதல் பக்கத்தை எல்லாரும் மெனக்கெட்டு எழுதுவார்கள். நடுப்பக்கம்தான் உண்மையைச் சொல்லும்.

நூலகப் புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணையும் பயன்படுத்தத் தெரிந்துகொள்ளுங்கள். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி தசம வகைப்பாட்டில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811. அதோடு 1 சேர்ந்தால் கவிதை, 2 நாடகம், 3 புனைகதை. பயணநூல் 910-ஐ ஒட்டி, வாழ்க்கை வரலாறு 920, தமிழக வரலாறு 954.82. ஆங்கில ‘ஓ’ எழுத்தோடு 31,3 என்று இருந்தால் அது கோலன் பகுப்புமுறை என்ற இன்னொரு முறையில் தமிழ்ப் புனைகதை. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1933-இல் வெளியிட்டது. பிடித்த புத்தகத்தை அலமாரியில் கண்டுபிடித்து, அதற்கு இடமும் வலமும் இருக்கும் இரண்டிரண்டைப் புரட்டுங்கள். புனைகதை அலமாரியில் இது அவ்வளவாகப் பலிக்காது, வரலாறு, பயணம், அறிவியலில் நன்றாகப் பலிக்கும்.

அச்சில் இல்லாத நூல் என்றால் எழும்பூர் கன்னிமாரா. 1896-இல் திறந்தது. 1954 சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் நூலின் ஒரு பிரதி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் இதுவும் ஒன்று. வீட்டுக்கு எடுத்துப்போக உங்கள் பகுதிக் கிளை நூலகம் போதும். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தானே கட்டுகிறோம், உறுப்பினர் அட்டை இல்லாமல் இருந்தால் நஷ்டம் நமக்குத்தான்.

மொழிபெயர்ப்பு நூலில் முதலில் பார்க்க வேண்டியது அட்டையை அல்ல, பதிப்பு விவரப் பக்கத்தை. மூலமொழியிலிருந்து நேராக வந்ததா, ஆங்கிலம் வழியாகவா என்று அங்கே இருக்கும். மொழிபெயர்ப்பாளர் பெயரே இல்லாத பதிப்பைத் தொடாதீர்கள். பிறகு உரையாடல் உள்ள அரைப்பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். எந்த வீட்டிலும் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள் என்று பட்டால் கீழே வைத்துவிடலாம். சாகித்திய அகாதெமியும் நேஷனல் புக் டிரஸ்டும் பிற இந்திய மொழி நாவல்களைத் தமிழில் வெளியிடுகின்றன. விலை குறைவு என்பதால் துணிந்து பரிசோதிக்கலாம்.

வட்டார நாவலின் முதல் இருபது பக்கம் சென்னைக்காரருக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். கொங்கு, நாஞ்சில், கரிசல் என்று நிலத்துக்கு நிலம் பேச்சு வேறு. சொல்லுக்குச் சொல் அகராதி பார்த்தால் கதை அறுந்துபோகும், சத்தமாகப் படித்தால் பாதி புரிந்துவிடும். மீதிக்குப் புத்தகத்தின் பின்னால் சொற்பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். கரிசலுக்கு கி. ராஜநாராயணன் தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதி உண்டு. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியை இணையத்தில் இலவசமாகத் தேடலாம், ஆனால் அது பழந்தமிழுக்குக் கைகொடுக்கிற அளவுக்குப் பேச்சு வழக்குக்குக் கைகொடுக்காது.

பழந்தமிழைத் தொட ஆசைப்படுபவர் குறுந்தொகையில் தொடங்கலாம். பாடல்கள் பெரும்பாலும் நான்கடி முதல் எட்டடிதான். சந்தி பிரித்து உரையோடு அச்சிட்ட பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். பிரிக்காத பதிப்பில் ஒரு சொல் எங்கே முடிகிறது, அடுத்த சொல் எங்கே தொடங்குகிறது என்று தேடுவதிலேயே பாட்டு போய்விடும். முதலில் உரை, பிறகு பாட்டு, மறுபடி பாட்டு. ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். புதுக்கவிதைத் தொகுப்புக்கும் இதே அளவு சரி. சிறுகதைக்கு மின்சார ரயில் நல்ல இடம்: கிண்டியில் ஏறி எழும்பூரில் இறங்குவதற்குள் பத்துப் பக்கக் கதை முடிந்துவிடும். படக்கதை சிறுபிள்ளை விவகாரம் என்று நினைப்பவர்கள் சிவகாசியிலிருந்து வரும் லயன், முத்து காமிக்ஸைப் புரட்டிப் பார்க்கட்டும். ஐரோப்பியத் தொடர்கள் நல்ல தமிழில் கிடைக்கின்றன.

புத்தகக் காட்சியில்தான் பணம் வீணாகும். புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி 1977 முதல் நடத்துவது; பொங்கலை ஒட்டி நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் வழக்கமாக நடக்கும், 10 சதவீதக் கழிவு உண்டு. ஞாயிறு மாலையில் போனால் நின்று படிக்க இடம் இருக்காது. வேலைநாளில் போய், முதல் சுற்றில் எதையும் வாங்காமல் விலைப்பட்டியல்களை மட்டும் சேகரியுங்கள். டீ குடித்துக்கொண்டே ஆறு தலைப்புகளைக் குறியுங்கள்: நான்கு பழகிய ருசி, ஒன்று ‘ஒன்றை மாற்று’ விதிப்படி, ஒன்று முற்றிலும் புதிது. செட்டாக வாங்கினால் மலிவு என்பார்கள். முதல் பாகம் தனியாகக் கிடைத்தால் அதை மட்டும் வாங்குங்கள். பக்க எண்ணிக்கையை வைத்து விலையை ஒப்பிடும்போது அளவையும் கவனியுங்கள்: சிறிய அளவான கிரவுனில் 200 பக்கம் என்பது பெரிய அளவான டெமியில் அதைவிடக் கணிசமாகக் குறையும்.

பழைய புத்தகத்துக்குத் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதை. அறியாத வகையில் கைவைக்க இதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் காசு கொடுக்கும் முன் பக்க எண்ணைப் பாருங்கள். புத்தகம் பெரும்பாலும் பதினாறு பக்க ஃபாரம்களாக அச்சாகித் தைக்கப்படுகிறது. காணாமல் போனால் ஒரு ஃபாரம் மொத்தமாகவே போகும். 16-க்குப் பின் 17, 32-க்குப் பின் 33, 48-க்குப் பின் 49 என்று தாண்டித் தாண்டிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். புதிய புத்தகத்திலும் இது நடக்கும், அதைப் பதிப்பகம் மாற்றிக் கொடுக்கும். நடைபாதையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. வார இதழ்களிலிருந்து கிழித்துப் பைண்டு செய்த தொடர்கதைகள் கிடைத்தால், அத்தியாய எண்கள் விடாமல் வருகின்றனவா என்றும் பாருங்கள். நடுவில் ஒரு வாரம் விட்டுப்போயிருக்கும்.

காசே செலவழிக்காமல் பார்க்க, 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்தின் மின்னூல்களும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கின்றன. அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்கள் இவற்றில் தாராளம். கைபேசியில் ஸ்கேன் பிரதியைப் படிப்பது கண்ணுக்குத் தண்டனை. எழுத்தைப் பெரிதாக்க முடிகிற இபப் (EPUB) வடிவம் இருந்தால் அதையே இறக்குங்கள்.

புதிய வகை ஒன்றுக்கு மூன்று புத்தகம் அவகாசம் கொடுங்கள், மூன்றும் வெவ்வேறு எழுத்தாளர்களாக இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் ஐம்பது பக்கம்; நூறு பக்கப் புத்தகம் என்றால் இருபது. மூன்றிலும் நின்றுவிட்டால், பக்க எண்களைத் தாளில் குறித்துவிட்டு அந்த வகையை ஆறு மாதம் ஒத்திவையுங்கள். அதற்குள் தாளில் ஐந்தாறு புதிய வரிகள் சேர்ந்திருக்கும். முதலில் எழுதிய ஒற்றைச் சொற்களை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்து, தவறாகப் பட்டவற்றை அடித்துத் திருத்திக்கொள்ளுங்கள்.