போரடிக்கும் பையனுக்கு லேப்டாப்பில் பாடம்: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

"அம்மா, இது எனக்குத் தெரியும்." மூன்றாம் வகுப்பிலிருந்து என் மகன் தினமும் கொண்டுவந்த செய்தி இது ஒன்றுதான். மற்ற பிள்ளைகள் கணக்கை முடிக்கும்வரை மேசைக்கடியில் ரப்பரைத் துண்டு துண்டாகக் கிள்ளிக்கொண்டிருப்பானாம். டிசம்பர் விடுமுறையோடு பள்ளியை நிறுத்திவிட்டு வீட்டிலேயே படிக்க வைத்தோம்.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், டாலஸ் பக்கம். இங்கே சட்டச் சிக்கல் அதிகமில்லை. வீட்டில் நடத்தும் பள்ளியும் தனியார் பள்ளிதான் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1994-ல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமைப் பண்பு ஆகிய ஐந்தையும் புத்தகத்திலோ திரையிலோ உள்ள பாடத்திட்டம் வைத்து ஒழுங்காக நடத்த வேண்டும். பள்ளிக்குத் தேதி போட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பினோம், முடிந்தது. மாமியாருக்கு விளக்கத்தான் மூன்று வாட்ஸ்அப் கால் ஆனது. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. நியூயார்க்கில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை கொடுக்க வேண்டும். அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் நான் செய்த தப்பு. ஒரு பாட மென்பொருள்: எல்லாப் பாடமும் ஒரே இடத்தில், கலர் கலராக கார்ட்டூன், ஒரு வருடச் சந்தா கட்டினால் தள்ளுபடி என்றார்கள். கட்டினேன். முதல் வாரம் டேஷ்போர்டில் எல்லாம் பச்சை, 92 சதவீதம். பெருமையாக இருந்தது. ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: கேள்வியையே படிக்காமல் நான்கு விடைகளையும் வரிசையாகத் தட்டிக்கொண்டிருந்தான். எது சரியோ அதில் நட்சத்திரம் விழும், அடுத்ததற்குப் போவான். பள்ளியில் ரப்பர் கிள்ளினான், இங்கே மவுஸைத் தட்டினான். அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால் மென்பொருள் தேடுவதற்கு முன்னால், எதில் போரடிக்கிறது என்று கண்டுபிடியுங்கள். கான் அகாடமி என்ற பாடத் தளம் இலவசம். அதில் ஒவ்வொரு வகுப்புக் கணக்குக்கும் கோர்ஸ் சேலஞ்ச் என்று 30 கேள்விப் பரீட்சை இருக்கிறது. பாடம் எதுவும் பார்க்காமல் நேராக அதைக் கொடுங்கள். என் பையன் மூன்றாம் வகுப்பை ஊதித் தள்ளினான், நான்காம் வகுப்பில் பின்னத்தில் மாட்டினான். சரி, கணக்கு அங்கிருந்து தொடங்க வேண்டும். அதே பையனிடம் 'நேற்று பூங்காவில் என்ன செய்தாய்' என்று ஒரு பத்தி எழுதச் சொன்னேன். இரண்டு வரி வந்தது, முற்றுப்புள்ளி ஒன்றுகூட இல்லை. கணக்கில் ஒரு வகுப்பு மேலே, எழுத்தில் ஒரு வகுப்பு கீழே. மூன்றாம் வகுப்பு என்று எல்லாப் பாடத்தையும் சேர்த்துக் கட்டித் தரும் பொதி இவனுக்கு எப்படிப் பொருந்தும்? பாடத்துக்குப் பாடம் தனித்தனியாக வாங்குங்கள், இல்லையென்றால் பாடவாரியாக வகுப்பை மாற்ற விடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இலவச டிரையலில் நான் இப்போது மூன்று விஷயம் பார்க்கிறேன். தெரிந்த பாடத்தை ஒரு பரீட்சை எழுதித் தாண்டிப் போக முடிகிறதா? நான் வேண்டுமென்றே தப்பு விடை போட்டால் வெறும் சிவப்புப் பெருக்கல் குறியோடு நிற்கிறதா, எங்கே தப்பு என்று காட்டுகிறதா? அப்புறம் முக்கியமானது, கேள்வி நிஜமாகவே கஷ்டமாகிறதா, அல்லது அதே கேள்வி எண் மாறி வருகிறதா? வேகமாகப் படிக்கும் பிள்ளைக்கு அதே கணக்கை நாற்பது முறை கொடுப்பது தண்டனை.

இந்த மூன்றிலும் எங்களுக்குத் தேறியது பீஸ்ட் அகாடமி என்ற கணக்குத் தளம். குட்டி அரக்கர்கள் படிக்கும் பள்ளி, பாடமே காமிக்ஸ். கணக்குகள் பெரும்பாலும் புதிர்தான், ஊகித்துத் தட்டினால் வராது. எந்த நிலையில் தொடங்குவது என்று பார்க்க அவர்களே சோதனைத் தாள் வைத்திருக்கிறார்கள், அது காட்டும் நிலையைத் தாண்டி ஆசைப்பட வேண்டாம். முதல் வாரம் ஒரு புதிரில் அழுகை வரை போனான். நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டே வந்து, நுரையோடு, "அம்மா, பதினேழு!" என்றான். கணக்கே பிடிக்காத பிள்ளைக்கு இதைக் கொடுத்தால் சண்டைதான் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

எழுத்துப் பயிற்சிக்கு நான் எதுவும் வாங்கவில்லை. நோட்டு, பென்சில், பக்கத்தில் நான். கணக்குக்கும் லேப்டாப் பக்கத்தில் ஒரு தாள் கட்டாயம் இருக்கும். திரை மொத்தம் ஒன்றரை மணி நேரம். ஸ்கிராட்ச் மட்டும் அதற்கு வெளியே. எம்ஐடியில் உருவான அந்த இலவசத் தளத்தில் அவனே கேம் செய்கிறான், அதை நான் பாடமாகவே எண்ணிக்கொள்கிறேன். தமிழுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைக் கல்விப் பகுதி இருக்கிறது, அதுவும் இலவசம். ஆனால் பாட்டியோடு பேசுவது அவனை இழுக்கிற அளவுக்கு அது இழுக்கவில்லை.

கடைசியாக, டிரையலுக்கு கார்டு எண் கொடுத்த அன்றே, அது முடிவதற்கு இரண்டு நாள் முந்தைய தேதியில் போனில் அலாரம் வையுங்கள். ஒரு வருடச் சந்தா கட்டவே கட்டாதீர்கள், மாதச் சந்தா கொஞ்சம் கூடுதல் என்றாலும் பரவாயில்லை. என் கார்ட்டூன் சந்தாவில் இன்னும் ஐந்து மாதம் பாக்கி இருக்கிறது, யாரும் திறப்பதில்லை.