முதல் முறை சாட்சிக் கூண்டு ஏறப்போகும் டாக்டருக்கு

கேசுவாலிட்டியில் ராத்திரி முழுக்க அசராமல் தையல் போடும் டாக்டர்கள்கூட கோர்ட் சம்மன் வந்தால் கலங்கிவிடுகிறார்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் புதிதாக டூட்டி பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் சாட்சியம் கூண்டில் தொடங்குவதில்லை, ஏ.ஆர். (காயம்பட்டவர் வந்ததும் நீங்கள் எழுதும் விபத்துப் பதிவேடு) எழுதும்போதே தொடங்கிவிடுகிறது.

படி 1: ஏ.ஆர். எழுதும்போது

விபத்துப் பதிவேட்டில் "தெரிந்த இரண்டு பேர் கட்டையால் அடித்ததாக" என்று எழுதியிருப்பீர்கள், எஃப்.ஐ.ஆரில் ஐந்து பேர், அரிவாள் என்று இருக்கும், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அந்த வரியைத்தான். அதனால் அதைச் சொன்னது காயம்பட்டவரா, கூட வந்தவரா, அப்போது அவருக்கு நினைவு இருந்ததா, மணி என்ன, எல்லாவற்றையும் எழுதுங்கள். "வலது கையில் வெட்டுக்காயம்" என்பது போதாது. "வலது முன்கையின் வெளிப்புறம், முழங்கைக்கு 4 செ.மீ. கீழே, 6 x 1 x 1 செ.மீ., ஓரங்கள் சீராக உள்ளன" என்று எழுதினால் மூன்று வருடம் கழித்தும் அந்தக் காயம் உங்கள் கண்முன் நிற்கும்.

தலை, புருவம், முழங்கால் கீழ் எலும்பு மாதிரி எலும்பை ஒட்டித் தோல் இருக்கும் இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே கட்டையால் அடித்தாலும் தோல் பிளந்து கத்திவெட்டு போலவே தெரியும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஓரம் கன்றியிருக்கிறதா, மயிர்க்கால் நசுங்கியிருக்கிறதா, காயத்துக்குள் திசு இழைகள் அறுபடாமல் குறுக்கே ஓடுகின்றனவா என்று பார்த்து அன்றைக்கே எழுதிவிடுங்கள். பிற்பாடு நினைவிலிருந்து சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள்.

படி 2: சம்மன் வந்ததும்

குற்ற எண்ணைப் பார்த்து, ஆவணக் காப்பறையிலிருந்து ஏ.ஆர்., கேஸ் ஷீட், எக்ஸ்ரே எல்லாவற்றின் அசலையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சம்பவத் தேதியையும் பாருங்கள். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்தது என்றால் இந்திய தண்டனைச் சட்டம்தான், கடும் வலியோ வழக்கமான வேலை செய்ய முடியாத நிலையோ 20 நாள் நீடித்தால் அது கொடுங்காயம் என்பது அதன் கணக்கு. அன்றோ அதற்குப் பின்னோ என்றால் பாரதிய நியாய சன்ஹிதா, அதில் 15 நாள். போக முடியாத சூழ்நிலை என்றால் முன்கூட்டியே கோர்ட்டுக்கு எழுத்தில் தெரிவியுங்கள், சும்மா இருந்தால் வாரண்ட் வரைக்கும் போகும்.

படி 3: முதல் விசாரணை

அரசு வக்கீல் கேட்பார், நீங்கள் நீதிபதியைப் பார்த்து நிதானமாகச் சொல்ல வேண்டும், தட்டச்சு செய்பவர் கை ஓயும் வரை பொறுத்து அடுத்த வரிக்குப் போங்கள். சிராய்ப்பு, கன்றிய காயம், குத்துக்காயம் என்று தமிழிலேயே சொல்லிப் பழகுங்கள். ஆவணத்தைப் பார்த்துச் சொல்ல அனுமதி கேட்கலாம், அதற்குச் சட்டத்திலேயே இடமிருக்கிறது.

படி 4: குறுக்கு விசாரணை

"கீழே விழுந்தாலும் இந்தக் காயம் ஏற்படும் என்றால் சரிதானே?" இந்தக் கேள்வி வராத அடிதடி வழக்கே கிடையாது என்று சொல்லலாம். ஏற்பட வாய்ப்பிருந்தால் ஆம் என்று சொல்லுங்கள். போலீசுக்குப் பாதகமாகப் போகுமே என்று இழுக்காதீர்கள், நீங்கள் எந்தத் தரப்புக்கும் ஆள் இல்லை. ஆனால் அதோடு நிறுத்தவும் வேண்டாம். "ஒரு காயத்துக்குப் பொருந்தும், முதுகிலும் தலையிலும் முன்கையிலும் சேர்ந்து இருக்கும் மூன்றுக்கும் ஒரே விழுதல் பொருந்தாது" என்பது உங்கள் கருத்தானால் அதையும் முழுசாகச் சொல்லிப் பதியச் சொல்லுங்கள். பாடப் புத்தகத்தில் ஒரு வரியை வாசித்துக் காட்டினால், புத்தகத்தையே வாங்கி முன்பின் பத்திகளைப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், அதில் ஒரு குறைவும் இல்லை. "நான் பொய் அறிக்கை கொடுத்தேன் என்றால் சரியல்ல" என்று உங்கள் வாயால் சொல்ல வைக்கும் கேள்வி கடைசியில் வரும். அது எல்லோரிடமும் கேட்பது, கோபப்படாதீர்கள்.

இதைத் தனியாகப் படித்துத் தேற முடியாது. பழைய ஏ.ஆர். ஒன்றில் பெயர்களை மறைத்துவிட்டு, சீனியர் ஒருவரை எதிர்த்தரப்பு வக்கீலாக நிற்க வைத்து, துறையிலேயே அரை மணி நேரம் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பயிற்சி டாக்டர்கள் எல்லோருக்கும் இது கட்டாயமாக வேண்டும் என்பேன், ஏனென்றால் ஒரு டாக்டர் தடுமாறினால் நஷ்டப்படுவது அடிபட்டவரோ, செய்யாத குற்றத்துக்காக நிற்பவரோதான்.

படி 5: கையெழுத்துக்கு முன்

வாக்குமூலத்தை வரிவரியாகப் படியுங்கள். "ஏற்படலாம்" என்று நீங்கள் சொன்னது "ஏற்படும்" என்று பதிவாகியிருந்தால், நீதிபதியிடம் அங்கேயே சொல்லித் திருத்தச் சொல்லுங்கள். அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.