முப்பதைத் தாண்டி ஆட்டிசம், ஏடிஎச்டி என்று தெரிய வந்தால்

டாக்டர் கொடுத்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, "சரி, இனி என்ன?" என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு ஆட்டிசம், ஏடிஎச்டி இரண்டும் இருப்பது முப்பத்தாறு வயதில்தான் தெரிய வந்தது. ஆட்டிசம் என்றால் பிறரோடு பழகுவதும், சத்தம், தொடுகை போன்றவற்றை உணர்வதும் பிறவியிலேயே வேறு விதமாக இருப்பது. ஏடிஎச்டி என்றால் கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவதும், நிதானமாக இருப்பதும் சிரமமாக இருப்பது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். "ரெண்டும் ஒருத்தருக்கே எப்படி?" என்று கேட்பார்கள். மனநல மருத்துவர்கள் பார்த்து முடிவு சொல்லும் அமெரிக்கக் கையேடு டிஎஸ்எம். அதன் ஐந்தாம் பதிப்பு 2013-ல் வரும்வரை இரண்டையும் ஒரே ஆளுக்குச் சேர்த்து எழுத அதில் இடமே இல்லை. நம் வயதுக்காரர்கள் பலர் சின்ன வயதில் யார் கண்ணிலும் படாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் சில வாரம் மனசு ஒரு நிலையில் இருக்காது. ஒரு நாள் அப்பாடா என்றிருக்கும். மறுநாள், இத்தனை வருஷம் சும்மா திட்டு வாங்கினோமே என்று ஆத்திரம் வரும். இரண்டும் வரட்டும். வேலையை விடுவது, சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பது மாதிரி பெரிய முடிவு எதையும் அந்த நாட்களில் எடுக்காதீர்கள்.

அப்புறம் ஒரு நோட்டு வாங்குங்கள். பக்கத்தின் நடுவில் கோடு போட்டு, சின்ன வயதில் உங்களைப் பற்றி மற்றவர்கள் சொன்னதை இடப்பக்கம் எழுதுங்கள். உண்மையில் என்ன நடந்தது என்பதை வலப்பக்கம் எழுதுங்கள். என் நோட்டின் முதல் வரி 'பிடிவாதக்காரி'. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குச் சுற்றுவட்டாரச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும். மேளம், வேட்டு, மைக்செட், நெரிசல். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிடுவேன். இழுத்தாலும் எழுந்திருக்க மாட்டேன். முதுகில் அடியும் விழுந்திருக்கிறது. அதற்கு நேரே வலப்பக்கம் எழுதியது: 'சத்தம் வலித்தது. வலிக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை.' அடுத்த வரி 'கவனக்குறைவு'. ஒவ்வொரு வகுப்பிலும் டீச்சர்கள் ரேங்க் கார்டில் எழுதி அனுப்பியது. வலப்பக்கம், ஜன்னலுக்கு வெளியே போன ஒவ்வொரு வண்டிச் சத்தமும் பாடத்தைவிடப் பெரிதாகக் கேட்டது என்று எழுதினேன்.

அந்த ரேங்க் கார்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஏடிஎச்டி என்று உறுதி செய்ய, 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகளாவது இருந்திருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் டாக்டர் பழைய கார்டையோ, சின்ன வயதில் உங்களைப் பார்த்தவர்களையோ விசாரிக்காமல் பத்து நிமிஷத்தில் எழுதிக் கொடுத்திருந்தால், இன்னொரு மனநல மருத்துவரிடமோ மருத்துவ உளவியலாளரிடமோ கேட்பதில் தப்பில்லை. தைராய்டு, தூக்கக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் கவனத்தைச் சிதறடிக்கும். அவற்றைப் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள்.

நோட்டு நிரம்ப நிரம்ப நம்மேல் நமக்கிருந்த கோபம் இறங்கும். என்னைக் கேட்டால், நம்மை நாமே ஏற்றுக்கொள்வதில் பாதி இந்த நோட்டில் நடக்கிறது. மீதி, வீட்டையும் வேலை செய்யும் இடத்தையும் நம் உடம்புக்குத் தோதாக மாற்றி வைப்பதில் நடக்கிறது. மனசைத் தேற்றும் பேச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் எதுவும் நகராது.

எது உங்களை வாட்டுகிறது என்று தனியாகக் குறித்து வையுங்கள். எனக்கு மிக்சி, கஞ்சி போட்ட காட்டன் புடவை, ஜாக்கெட்டின் கழுத்து லேபிள். இப்போது நான் வாசலில் கோலம் போடும்போதுதான் வீட்டுக்காரர் சட்னி அரைக்கிறார். புடவைக்குக் கஞ்சி போடுவதில்லை, லேபிளை அன்றே பிரித்துவிடுகிறேன். புதுச்சேரி பஸ்ஸில் பாட்டை அலற விட்டால், மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய பஞ்சு போன்ற காதடைப்பானைச் செருகிக்கொள்கிறேன். எது ஆற்றுகிறது என்பதையும் எழுதுங்கள். நான்கைந்து புளியங்கொட்டையை உள்ளங்கையில் வைத்து உருட்டினால் எனக்கு மூச்சு சீராகும். கையை ஆட்டுவது, ஒரே வரியை முணுமுணுப்பது, உட்கார்ந்தபடி முன்னும் பின்னும் அசைவது எல்லாம் இந்த வகைதான். யாருக்கும் தொந்தரவில்லாத வரை நிறுத்த வேண்டாம். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலையிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை வண்டி விடுவதில்லை. மாலையில் கூட்டம் நெரியும், ஆனால் விடியற்காலையில் அங்கே நடப்பது காதுக்கே ஓய்வு.

வேலைக்கு வருவோம். மாதாமாதம் ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்ய வேண்டும்: 11-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 படிவம், 20-ம் தேதிக்குள் 3பி படிவம். இதை ஞாபகத்தை நம்பி விட முடியாது. மேஜைக்கு நேர் எதிரே தினசரி காலண்டர் மாட்டி, கெடு தேதிக்கு முந்தைய தாள்களிலேயே சிவப்பு மையில் வாடிக்கையாளர் பெயரை எழுதிவிடுகிறேன். தொடங்கவே கை வராத வேலைக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் போதும். அவர் உதவ வேண்டியதில்லை, தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஏடிஎச்டி உள்ள பலருக்கு இது கைகொடுக்கிறது.

முதலாளியிடம் நோயின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை. தேவையை மட்டும் கேட்கலாம்: "சார், வாயால சொன்னா விட்டுப்போகுது, வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க, சரியா முடிச்சுத் தர்றேன்."

வீட்டில் சொல்வதுதான் கஷ்டம். அம்மா முதலில் சொன்னது: "இத்தன வருஷமா நல்லாத்தானடி இருந்த? யார் கண்ணு பட்டுச்சோ, பாடலீஸ்வரருக்கு ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வா." போய்ச் செய்துவிட்டு வந்தேன். அது அவருடைய பாசம், அதோடு மல்லுக்கு நிற்பதில் பயனில்லை. பிறகு ஒரு நாள் மாசி மகப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அன்னைக்கு வலிச்சுதா?" என்று கேட்டார். விளக்கப் படங்கள், வீடியோக்கள் எதுவும் அவரிடம் செய்யாததை அந்த ஒரு பக்கம் செய்தது. உங்கள் வீட்டாரும் கூட இருந்து பார்த்த ஒரு சம்பவத்தை எடுத்துச் சொல்லுங்கள்.

மருந்து பற்றிச் சுருக்கமாக. ஆட்டிசத்தை மாற்றும் மருந்து கிடையாது, அது மாற்ற வேண்டிய ஒன்றும் இல்லை. ஏடிஎச்டிக்கு மெத்தில்பெனிடேட், அடோமாக்செட்டின் போன்றவை உண்டு. மெத்தில்பெனிடேட் கடும் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து, எல்லாக் கடையிலும் இருக்காது, சீட்டில்லாமல் கிடைக்காது. பொங்கல், தீபாவளி லீவுக்கு முன்பே வாங்கி வையுங்கள். ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சான்றிதழ் விஷயம். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசம் இருக்கிறது, ஏடிஎச்டி தனியாக இல்லை. யுடிஐடி என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். வேலை ஒதுக்கீடு போன்றவற்றுக்குச் சான்றிதழில் குறைபாட்டின் அளவு 40 சதவீதமாவது இருக்க வேண்டும். அட்டை வாங்குவதும் வாங்காததும் உங்கள் விருப்பம். அட்டை இல்லை என்பதற்காக உங்களுக்கு ஆட்டிசம் இல்லை என்று ஆகிவிடாது.

வெகுநாள் தெரியாமலே சமாளித்து வந்தவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் கூடவே இருப்பது சாதாரணம். ராத்திரி நேரத்தில் நினைப்பு எல்லை மீறிப் போனால் தனியாகப் போராடாதீர்கள். 14416, டெலி மானஸ் என்னும் அரசின் மனநல உதவி எண். இலவசம், இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.