ஓவர்டிரைவும் ஃபஸ்ஸும் ஒரே பெட்டியில்: ஒலியைக் கெடுக்கும் தவறுகள்

எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒலியைக் கரகரப்பாகச் சிதைக்கும் ஃபஸ் பெடலை ஆசையாக வாங்கி, ஒரே மாதத்தில் விற்பனைக்குப் போடுகிறவர்கள் அதிகம். ‘கீச்சென்று கத்துகிறது’, ‘பேண்டோடு வாசித்தால் கேட்கவே இல்லை’, ‘உர்ரென்று ஓயாத இரைச்சல்’ என்பவைதான் வழக்கமான புகார்கள். பெடலைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் எல்லாம் சரியாகவே இருக்கும். அதற்கு முன்னால் என்ன மாட்டியிருக்கிறது, எதிலிருந்து மின்சாரம் வருகிறது, கிட்டாரின் வால்யூம் எங்கே நிற்கிறது என்பதில்தான் கோளாறு.

இப்போது புதுப்பித்து வரும் சில மாடல்களில், ஃபஸ்ஸைவிட மென்மையாக ஒலியைச் சிதைக்கும் ஓவர்டிரைவும் ஃபஸ்ஸும் ஒரே பெட்டிக்குள் வருகின்றன. இரண்டுமே ஒலியைச் சிதைப்பவைதானே என்று ஒரே மாதிரி கையாளத் தோன்றும். ஆனால் மின்சுற்றாகப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு பிறவிகள். 1979-இல் ஜப்பானில் வந்த ஐபனெஸ் டிஎஸ்808 டியூப் ஸ்கிரீமரின் வழியில் வரும் ஓவர்டிரைவ்களின் வாசலில் ஒரு பஃபர் இருக்கும்; கிட்டாருக்குச் சுமை தராமல் சிக்னலை வாங்கி அடுத்ததற்கு அனுப்பும் சிறு சுற்று அது. கிட்டாருக்கு அது சுமார் 450 கிலோ ஓம் சுமையாகத் தெரியும், அதாவது கிட்டத்தட்ட சுமையே இல்லை. 1966-இல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் செய்த ஃபஸ் ஃபேஸில் இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், இரண்டு பாட் (குமிழால் திருகும் ரெசிஸ்டர்), அவ்வளவுதான். வாசலில் பஃபர் கிடையாது. அதன் இன்புட் இம்பீடன்ஸ், அதாவது சிக்னலுக்கு அது காட்டும் தடை, சில கிலோ ஓம்தான். அதனால் கிட்டாரின் தந்தி அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப் சுருளும் வால்யூம் பாட்டும் அந்த மின்சுற்றின் உறுப்புகளாகவே ஆகிவிடுகின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் தவறுகளில் பாதி தானாகவே விளங்கும்.

ஃபஸ்ஸுக்கு முன்னால் பஃபர்

எல்லாத் தவறுகளிலும் பெரியது இதுதான். பிக்கப்பை நேரே ஃபஸ் ஃபேஸ் வகையில் செருகும்போது, அந்தக் குறைந்த இம்பீடன்ஸ் பிக்கப்பின் மேல் ஸ்தாயியை மழுக்குகிறது. நமக்குப் பிடித்த அந்த உருண்ட, தடித்த ஒலி அப்படித்தான் வருகிறது. இடையில் ஒரு பஃபர் வந்தால் பிக்கப்புக்கும் ஃபஸ்ஸுக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகும். முழு டிரெபிளும் முழு வலிமையும் ஃபஸ்ஸுக்குள் பாயும். ஒலி தகரத்தைக் கீறுவது போல ஆகும். அதோடு, கிட்டார் வால்யூமை 10-லிருந்து 6-க்கு இறக்கினால் ஃபஸ் கரைந்து மணிபோலத் தெளிந்த ஒலி வர வேண்டுமே, அதுவும் போய்விடும்.

நான் பஃபர் எதுவும் வைக்கவில்லையே என்பார்கள். பஃபர் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு வருவதில்லை. பாஸ் நிறுவனத்தின் டிஎஸ் வரிசை டிஸ்டார்ஷன், டியூ-3 டியூனர் போன்றவை அணைத்திருந்தாலும் உள்ளே பஃபர் ஓடிக்கொண்டேயிருக்கும். டியூப் ஸ்கிரீமரும் அப்படித்தான். வயர்லெஸ் ரிசீவர் ஒரு பஃபர். பேட்டரி போட்ட ஆக்டிவ் பிக்கப்பும் பஃபர்தான்.

சோதிக்க ஒரு நிமிடம் போதும். ஃபஸ் குமிழை முக்கால்வாசிக்கு மேல் திருப்பி வையுங்கள். கிட்டார் வால்யூமை 10-இல் வைத்து ஒரு கார்டை மீட்டுங்கள்; பிறகு 6-க்கு இறக்கி மீட்டுங்கள். ஒலி தெளியாமல், வெறுமனே சற்றுக் குறைந்து அதே சிதைவோடு வந்தால் முன்னால் எங்கோ பஃபர் இருக்கிறது. ஃபஸ்ஸை வரிசையில் முதலாவதாக, கிட்டாருக்கு அடுத்து வைத்துவிடுங்கள். டியூனரை அதற்குப் பின்னால் தள்ளுவதில் ஒரு நஷ்டமும் இல்லை. டியூன் செய்யும்போது ஃபஸ்ஸை அணைத்தால் போதும்.

இரண்டும் சேர்ந்த பெடலில் இந்தத் தவறு பெட்டிக்குள்ளேயே ஒளிந்திருக்கும். வரிசையை மாற்றும் சிறிய சுவிட்ச் இருந்தால் அதை ‘ஃபஸ் முதலில்’ என்ற பக்கம் தள்ளி வாசித்துப் பழகுங்கள். ‘ஓவர்டிரைவ் முதலில்’ என்ற பக்கத்தில், ஓவர்டிரைவ் அணைந்திருக்கும்போது ட்ரூ பைபாஸா (சிக்னல் சுற்றைத் தொடாமல் நேரே கடக்கும்), பஃபர் பைபாஸா (அணைத்தாலும் பஃபர் வழியே போகும்) என்று கையேட்டில் பாருங்கள். ட்ரூ பைபாஸ் என்றால் அணைந்த நேரத்தில் ஃபஸ் நிம்மதியாக இருக்கும். பஃபர் பைபாஸ் என்றால் எப்போதும் தொல்லைதான். ஓவர்டிரைவைக் கொண்டு ஃபஸ்ஸைத் தள்ளினால் லீட் வாசிப்புக்கு நீண்ட நாதம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் கிட்டார் வால்யூமால் தெளிய வைக்கும் வித்தை அந்த நேரத்தில் வேலை செய்யாது. தெரிந்தே செய்தால் தவறில்லை.

வயர்லெஸ்ஸை விட முடியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஃபஸ்ஸின் இன்புட்டில் 50 கிலோ ஓம் பாட் ஒன்றைத் தொடராகப் போட்டு, 10 முதல் 30 கிலோ ஓம் வரை திருப்பிப் பார்த்துக் காதுக்குப் பிடித்த இடத்தில் நிறுத்துங்கள். கீச்சொலி பெருமளவு அடங்கும். இன்னும் நெருங்க வேண்டுமானால் சிறிய ஆடியோ டிரான்ஸ்ஃபார்மரின் சுருளை பிக்கப் இடத்தில் நிற்க வைக்கும் ‘பிக்கப் சிமுலேட்டர்’ சுற்று இருக்கிறது. புதிய மாடல்கள் சிலவற்றில் அது உள்ளேயே வருகிறது.

காலால் அசைத்து ஒலியை ‘வா-வா’ என்று திறந்து மூடும் வா பெடலும் இதே குடும்பச் சண்டைதான். ஃபஸ்ஸுக்கு முன்னால் வைத்தால் ஃபஸ்ஸின் சுமை தாங்காமல் வாவின் அசைவு செத்துப்போகும், சில சமயம் ஊளையிடும். வாவைப் பின்னால் வையுங்கள்.

மின்சாரம்

ஆரம்பகால ஃபஸ் ஃபேஸில் இருந்தவை ஏசி128, என்கேடி275 போன்ற பிஎன்பி ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள். அவற்றில் கிரவுண்டோடு சேர்வது பாசிட்டிவ் முனை. மற்றப் பெடல்களில் நெகட்டிவ் முனை கிரவுண்ட். ஒரே அடாப்டரிலிருந்து பல முனைகள் கிளைக்கும் டெய்சி செயினில் இரண்டையும் மாட்டினால், கிட்டார் கேபிளின் உறை வழியாகவே பாசிட்டிவும் நெகட்டிவும் முட்டிக்கொள்ளும். ஷார்ட்! நல்ல அடாப்டர் தானாக அணையும், மலிவானது எரியும். இப்படிப்பட்ட பெடலுக்கு 9 வோல்ட் பேட்டரி, அல்லது தனித்தனியாகப் பிரித்த அவுட்புட் உள்ள பவர் சப்ளை மட்டுமே.

புதுப்பித்த மாடல்கள் சிலவற்றில் மேக்ஸ்1044 போன்ற ஒரு ஐசியை வைத்து உள்ளேயே −9 வோல்ட் உண்டாக்கிவிடுகிறார்கள். அதனால் அவற்றில் சாதாரண சென்டர் நெகட்டிவ் (நடுமுனை நெகட்டிவாக உள்ள) அடாப்டரையே மாட்டலாம். இங்கே இன்னொரு குழி இருக்கிறது. அந்த ஐசி 10 வோல்ட்டுக்கு மேல் வேலை செய்ய வடிவமைக்கப்பட்டதல்ல. ‘18 வோல்ட் கொடுத்தால் ஹெட்ரூம் (ஒலி சிதையாமல் தாங்கும் இடம்) கூடும்’ என்று ஓவர்டிரைவுக்குச் சொல்லப்படும் யோசனையை இதில் செய்து பார்த்தால் ஐசி போய்விடும். பழைய, ரெகுலேஷன் இல்லாத 9 வோல்ட் அடாப்டர்களும் ஆபத்துதான்: ஃபஸ் இழுப்பது ஒரு மில்லியாம்பியர் அளவே என்பதால் சுமையில்லாமல் 12, 13 வோல்ட் வரை அவை ஏறி நிற்கும். மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரால் ஒருமுறை அளந்துவிடுங்கள். நீங்களே கட்டும் பெடலில் மெல்லிய விசில் சத்தம் கேட்டால் மேக்ஸ்1044-இன் 1-ஆம் காலை 8-ஆம் காலோடு, அதாவது பாசிட்டிவோடு சேருங்கள். அதன் துடிப்பு வேகம் காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும்.

உர்ரென்ற இரைச்சல் கேட்டதும் பெடலைக் குறை சொல்ல வேண்டாம். கிட்டார் வால்யூமை பூஜ்யத்துக்கு இறக்குங்கள். இரைச்சல் போய்விட்டால் அது பிக்கப் பிடித்து வந்தது. சிங்கிள் காயிலுக்கு அது இயல்பு, திரும்பி நின்றாலே குறையும். போகவில்லை என்றால் பவர். பேட்டரி போட்டுப் பாருங்கள். பேட்டரியில் அமைதியாக இருந்தால் பவர் வரும் வழியில் 100 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகவும், அதற்குப் பின் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை கிரவுண்டுக்கும் போடுங்கள். ஃபஸ் பக்கத்தில் இதனால் இழப்பது 0.1 வோல்ட் அளவுதான்.

பேட்டரி பயன்படுத்துகிறவர்கள் வாசித்து முடித்ததும் இன்புட் கேபிளைப் பிடுங்கிவிட வேண்டும். பெரும்பாலான பெடல்களில் அந்த ஜாக்தான் பேட்டரி சுவிட்ச்.

வெயிலும் பயாஸும்

ஜெர்மானியம் சூட்டுக்கு நொந்துபோகும் பொருள். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் கசிவு மின்னோட்டம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஏசி அறையில் 25 டிகிரியில் அருமையாகப் பாடிய பெடல், சித்திரை வெயிலில் 40 டிகிரித் திறந்த மேடையில் திக்கித் திணறுவதற்குக் காரணம் இதுதான். கசிவு கிட்டத்தட்ட மூன்று மடங்காகியிருக்கும். நம் ஊரில் வெளிமேடைகளில் வாசிப்பதுதான் அதிகம் என்றால் சிலிக்கான் ஃபஸ்ஸே மேல் என்பது எங்கள் கருத்து. ஒலி சற்றுக் கூர்மையாக இருக்கும். ஆனால் மாலையிலும் மதியத்திலும் ஒரே மாதிரி இருக்கும்.

ஜெர்மானியம்தான் வேண்டும் என்றால் வெளியே பயாஸ் (டிரான்சிஸ்டரின் ஓய்வுநிலை வோல்ட்டைச் சரிசெய்யும்) குமிழ் உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள். குமிழ் இல்லாத பெடலில் இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டர் காலில் இருக்கும் 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு, 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 10 கிலோ ஓம் டிரிம்மரும் (ஸ்குரூடிரைவரால் திருப்பும் சிறு பாட்) தொடராகப் போடலாம். பெடலை அந்த இடத்தில் 20 நிமிடம் விட்டு, கலெக்டருக்கும் கிரவுண்டுக்கும் இடையே 4.5 வோல்ட் வரும்படி திருப்புங்கள். பாசிட்டிவ் கிரவுண்டில் மீட்டர் −4.5 என்று காட்டும். 4.5 என்பது தொடக்கப் புள்ளிதான், கடைசி அரை வோல்ட்டைக் காதே முடிவு செய்யட்டும். சாலிடர் செய்த கையோடு அளப்பது வீண் வேலை: டிரான்சிஸ்டர் இன்னும் சூடாக இருக்கும், ஆறியதும் எண் மாறிவிடும்.

பழைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் வாங்கும்போது மல்டிமீட்டரின் எச்எஃப்இ எண்ணை நம்பாதீர்கள். அது கசிவையும் சேர்த்து கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) என்று காட்டும். 9 வோல்ட்டில், கலெக்டரில் 2.2 கிலோ ஓமும் 270 ஓமும் தொடராகப் போட்டு, பேஸ் காலை எதோடும் இணைக்காமல் அந்த ரெசிஸ்டர்களின் குறுக்கே அளந்தால் வருவது கசிவு. பிறகு பேஸை 2.2 மெகா ஓம் வழியாக பவரோடு சேர்த்து மறுபடி அளந்து பாருங்கள். இரண்டின் வித்தியாசத்தை 100-ஆல் பெருக்கினால் உண்மையான கெயின். முதலில் 0.35, பிறகு 1.15 வோல்ட் என்றால் கெயின் 80. கசிவு சுமார் 140 மைக்ரோஆம்பியர். முதல் டிரான்சிஸ்டருக்கு 70-80, இரண்டாவதற்கு 110-130 என்பது பலகாலமாகப் பலர் ஒப்புக்கொண்ட அளவு. கசிவு 200 மைக்ரோஆம்பியருக்குள் இருக்கட்டும்.

சிலிக்கானிலும் ஒரு சறுக்கல் உண்டு. கடையில் எளிதாகக் கிடைக்கும் பிசி547-ஐத் தட்டையான முகம் நம்மைப் பார்க்கப் பிடித்தால் கால்கள் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-இல் அது எமிட்டர், பேஸ், கலெக்டர். ஒன்றுக்கு வரைந்த போர்டில் மற்றதை அப்படியே செருகுகிறார்கள். பழைய பிசி108-இன் உலோகத் தொப்பி கலெக்டரோடு இணைந்தது. அது பெட்டியின் சுவரைத் தொடக் கூடாது.

குமிழ்களும் கார்டுகளும்

வீட்டில் தனியாக வாசிக்கும்போது அழகாகத் தோன்றும் ஒலி மேடையில் காணாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் மிட், அதாவது நடு அதிர்வெண்கள், குறைவு. டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் கீழ்ப்பகுதியையும் சிம்பல்கள் மேல்பகுதியையும் எடுத்துக்கொள்ள, கிட்டாருக்கு மிஞ்சுவது நடுப்பகுதி. பிக் மஃப் என்ற இன்னொரு வகை ஃபஸ் அந்த நடுப்பகுதியைத்தான் குடைந்து எடுக்கிறது. இங்கேதான் இரட்டைப் பெடல் உண்மையிலேயே கைகொடுக்கும்: ஃபஸ்ஸுக்குப் பின்னால் ஓவர்டிரைவைப் போட்டு, டிரைவை ஏறக்குறைய பூஜ்யத்திலும், டோனை நடுவிலும், லெவலைக் கடிகார முள்ளின் 2 மணி நிலையிலும் வையுங்கள். டியூப் ஸ்கிரீமர் வகை 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலிகளைக் குறைத்து நடுப்பகுதியை முன்னே தள்ளும். இரண்டு பக்கமும் கெயினை ஏற்றி வைத்தால் கிடைப்பது இரைச்சலும் கூழும்தான்.

ஃபஸ்ஸில் முழு மேஜர் கார்டுகளை அழுத்துவது அடுத்த தவறு. இரண்டு சுரங்கள் சேர்ந்து சிதையும்போது அவற்றின் வித்தியாச அதிர்வெண்ணும் பிறக்கிறது. 440 ஹெர்ட்ஸும் அதன் ஐந்தாம் சுரமான 659.3-உம் சேர்ந்தால் 219.3 பிறக்கும், 440-இன் கீழ் ஸ்தாயியான 220-க்கு மிக அருகில் இருப்பதால் காது ஏற்றுக்கொள்கிறது. மூன்றாம் சுரமான 554.4 சேர்ந்தால் பிறப்பது 114.4. கீழே இருக்க வேண்டியது 110. அந்த நான்கு ஹெர்ட்ஸ் பிசிறுதான் காதைக் குடைவது. மூன்றாம் சுரத்தை விட்டுவிட்டு வாசிக்கும் பவர் கார்டுக்குக் காரணம் சோம்பல் அல்ல. மூன்றாம் சுரம் வேண்டுமென்றால் கிட்டார் வால்யூமை 5-க்கு இறக்கி வாசியுங்கள்.

ஆம்ப் இல்லாமல் பெடலை நேரே மிக்சரிலோ ஆடியோ இன்டர்ஃபேஸிலோ செருகினால் ஈக்கூட்டம் ரீங்காரிப்பது போல வரும். 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் சரசரவென்று குறைந்துவிடும். ஃபஸ்ஸின் முள் அங்கேதான் உதிர்கிறது. மிக்சர் அதை அப்படியே கொட்டும். இடையில், கிட்டார் ஸ்பீக்கர் பெட்டியைப் போல ஒலியை வடிகட்டும் கேப் சிமுலேட்டர் ஒன்றை வையுங்கள். அதுவும் இல்லையென்றால் மிக்சரில் 5 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை முழுவதும் இறக்கிவிடச் சொல்லுங்கள்.

வாசிக்காத நேரத்தில் ஃபஸ்ஸிலிருந்து வானொலி கேட்டால் திகைக்க வேண்டாம். கெயின் மிகுந்த சிலிக்கான் டிரான்சிஸ்டர் கேபிளை ஆன்டெனாவாக்கிக்கொள்கிறது. முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கும் பேஸுக்கும் குறுக்கே 47 முதல் 100 பிக்கோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றைப் போட்டு, இன்புட் ஜாக்கிலிருந்து போர்டு வரை உறையிட்ட வயரை இழுத்து, உலோகப் பெட்டியின் மூடியைத் திருகாணி போட்டு இறுக்குங்கள். நிலையம் நின்றுவிடும்.